எந்தப் படத்தை முதலில் கற்பது? நான்கு உத்தி வரைபடங்களும் ஒரு பனியன் கம்பெனியும்

சித்தப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. நாற்பது மெஷின், இரண்டு கட்டிங் டேபிள், செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் தனி ஹால். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஜாப்வொர்க், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வது. ரொம்ப நாளாக அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது: சொந்தமாக ஒரு சாயப்பட்டறை போடலாமா, வேண்டாமா? லாட்டுக்கு லாட் ஷேட், அதாவது நிறத்தின் சாயல், மாறுகிறது. சொன்ன தேதிக்குத் துணி வருவதில்லை. ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் போட்ட பிறகு வேண்டாம் என்று எடுத்து வைக்க முடியாத முதலீடு அது.

நான் வேறொரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவனாக, இருக்கிறேன். "பேசிக்கிட்டே இருந்தா முடிவு வராது சித்தப்பா, ஒரு படமாப் போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எந்தப் படம் என்று தேடப் போனபோதுதான் தெரிந்தது, தொழில் உத்தியைப் படமாக வரைய ஏராளமான முறைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கை எடுத்துக் கற்று, நான்கையும் இதே கம்பெனிக்கு, இதே கேள்விக்குப் போட்டுப் பார்த்தேன். புதிதாகக் கற்க நினைப்பவர் எதில் ஆரம்பிக்கலாம் என்று இப்போது எனக்கு ஒரு தெளிவான கருத்து இருக்கிறது. மற்றவர்கள் வேறு முடிவுக்கு வரலாம். அதனால் காரணங்களோடு எழுதுகிறேன்.

மைண்ட் மேப்பையும் பலம்-பலவீனம் என்று நான்கு கட்டம் போடுவதையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. சிதறிக் கிடக்கும் யோசனைகளை ஒரு தாளில் கொண்டுவர இரண்டும் உதவும். ஆனால் சித்தப்பாவின் கேள்வியை அவற்றிடம் கேட்டால், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லும்.

ஒரு மாலையில் வரும் படம்

முதலில் பிசினஸ் மாடல் கேன்வாஸ். அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் 2004-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதன் வேர் இருக்கிறது. அவரும் அவருடைய ஆசிரியர் ஈவ் பின்யரும் சேர்ந்து இதை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே தாளில் ஒன்பது பெட்டிகள். யாருக்கு விற்கிறோம், என்ன தருகிறோம், எந்த வழியில் அவர்களை அடைகிறோம், உறவை எப்படி வைத்திருக்கிறோம், பணம் எப்படி வருகிறது, நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன செய்கிறோம், யாரோடு சேர்ந்து செய்கிறோம், செலவு எங்கே போகிறது.

கற்க எளிது. ஒரு மாலை போதும். சித்தப்பாவே பாதிப் பெட்டிகளை நிரப்பிவிட்டார். நிரப்பும்போதே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் பெட்டியில் இரண்டே பெயர்கள், இரண்டும் ஒரே பையிங் ஆபீஸ் (பையருக்காக இங்கே ஆர்டர் கொடுக்கும் இடைநிலை அலுவலகம்) வழியாக வருபவை. இது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் ஒரு பெட்டி அவ்வளவு வெறுமையாகக் கிடப்பதைப் பார்ப்பது வேறு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்தப் பெட்டியில் ஒரே நாட்டை வைத்திருந்த கம்பெனிகள் என்ன பாடுபட்டன என்று திருப்பூரில் எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி ஆபத்தைக் காட்ட கேன்வாஸை விடச் சுருக்கமான படம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சாயப்பட்டறைக் கேள்விக்கு அது வாய் திறக்கவில்லை. கூட்டாளிகள் பெட்டியில் "சாயம்" என்று ஒரு சீட்டு, பக்கத்தில் "எம்ப்ராய்டரி" என்று ஒரு சீட்டு. இரண்டும் ஒரே அளவு. சாயச் சீட்டைப் பெட்டிக்குள் எங்கே தள்ளி வைத்தாலும் பொருள் மாறாது. ஊர் வரைபடத்தில் அவிநாசியை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் படமே தப்பாகிவிடும் இல்லையா? கேன்வாஸில் அப்படி எதுவும் தப்பாவதில்லை. அது நன்றாக அடுக்கிய பட்டியல். வரைபடம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடந்து பார்த்து வரையும் படம்

அடுத்தது வேல்யூ ஸ்ட்ரீம் மேப். டொயோட்டாவில் பொருளும் தகவலும் எப்படி ஓடுகின்றன என்று வரைந்து பார்க்கும் பழக்கம் இருந்தது. 1990-களின் இறுதியில் மைக் ரோதரும் ஜான் ஷூக்கும் அதை வெளியாட்களும் கற்கும்படி எழுதி வைத்தார்கள். இதை மேஜையில் உட்கார்ந்து போடக் கூடாது. ஆர்டர் வந்த நாளில் தொடங்கி, ஒவ்வொரு இடமாக நடந்து போய், அங்கே வேலை எவ்வளவு நேரம் நடக்கிறது, அடுத்த இடத்துக்குப் போகும்வரை சரக்கு எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

நான் ஒரு ஆர்டரை எடுத்து, டெலிவரி சலான்களின் தேதிகளை வைத்துப் பின்தொடர்ந்தேன். சாதாரண ரவுண்ட் நெக் டி-சர்ட் ஒன்றைத் தைக்கும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் பத்து நிமிடத்தைத் தொடாது. ஆர்டரோ வாரக்கணக்கில் ஓடியது. இடையில் துணி எங்கெங்கே படுத்திருந்தது என்று பார்த்தால், பழி முழுவதும் சாயப்பட்டறை மேல் போகவில்லை. அவர்கள் அனுப்பிய லேப் டிப், அதாவது சாயம் போட்டுக் காட்டும் சின்னத் துணித் துண்டு, எங்கள் மேஜையிலேயே நாட்கணக்கில் கிடந்திருக்கிறது. பையரின் ஒப்புதலுக்கு அதை அனுப்பத் தாமதம், பதில் வந்த பிறகு அதைப் பட்டறைக்குச் சொல்லத் தாமதம். சித்தப்பா அந்தத் தேதிகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்.

உங்கள் வருத்தம் "நேரத்துக்கு முடியவில்லை" என்பதாக இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் நடை, ஒரு நாள் வரைதல், அவ்வளவுதான். இதன் எல்லையும் அதுதான். இன்று இருக்கும் ஓட்டத்தை எப்படி வேகமாக்குவது என்று இது சொல்லும். அந்த ஓட்டமே நம்முடையதாக இருக்க வேண்டுமா, ஐந்து வருடம் கழித்து அது எப்படி மாறியிருக்கும் என்ற கேள்விகள் இதற்குள் வராது.

மூன்றாவது, ஸ்ட்ராட்டஜி மேப். 1992-ல் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டை (பணக் கணக்கோடு மற்ற அளவுகளையும் சேர்த்து நிறுவனத்தை எடைபோடும் முறை) அறிமுகப்படுத்திய ராபர்ட் காப்லானும் டேவிட் நார்ட்டனும் பிறகு அதிலிருந்து வளர்த்தெடுத்தது. மேலே பணம், அதற்குக் கீழே வாடிக்கையாளர், அதற்கும் கீழே உள்ளே நடக்கும் வேலைகள், அடியில் ஆட்களின் திறமையும் கற்றலும். அடியிலிருந்து மேலே அம்புக்குறிகள் போகும்: இதைச் செய்தால் அது நடக்கும் என்று. பல துறைகள், ஆளுக்கொரு மேலாளர் என்று இருக்கும் நிறுவனத்தில் எல்லோரையும் ஒரே திசைக்குக் கொண்டுவர நல்ல முறை. அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எங்களுக்கு முடிவே இன்னும் வரவில்லை. அதனால் இதில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. ஆரம்பத்தில் இருப்பவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இடத்துக்குப் பொருள் இருக்கும் படம்

நான்காவது வார்ட்லி மேப். கற்கச் சிரமமானது இதுதான். கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதும் இதுதான்.

சைமன் வார்ட்லி லண்டனில் ஃபோட்டாங்கோ என்ற நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கேனான் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் அது. மற்ற கம்பெனிகளின் உத்தி அறிக்கைகளில் வரும் சொற்களையே தன்னுடைய அறிக்கையிலும் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு பழங்காலச் சீனத்தின் சுன் சூ எழுதியதாகச் சொல்லப்படும் போர்க்கலை நூலை இரண்டு மொழிபெயர்ப்புகளில் படித்தபோது, நிலப்பரப்பே தெரியாமல் படையை நகர்த்திக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்திருக்கிறது. 2005 வாக்கில் தொழிலுக்கென்று ஒரு நிலப்படம் வரைய ஆரம்பித்தார்.

படத்துக்கு இரண்டு திசைகள். மேலிருந்து கீழ்: உச்சியில் வாடிக்கையாளர், அவருக்கு என்ன தேவை, அந்தத் தேவைக்கு என்ன தேவை, அதற்கு என்ன தேவை என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். கீழே போகப் போக, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாதவை. இடமிருந்து வலம்: அந்தப் பொருள் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது. இடது ஓரத்தில் இப்போதுதான் பிறந்தவை, யாருக்கும் முழுதாகப் புரியாதவை. அடுத்து, தனக்கென்று செய்துகொள்பவை. அடுத்து, கடையில் வாங்கக்கூடியவை. வலது ஓரத்தில் மின்சாரம் போல, சுவிட்சைப் போட்டால் வருபவை, யாரிடம் வாங்கினாலும் ஒன்றானவை. போட்டி இருக்கும்வரை எல்லாமே இடமிருந்து வலத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது இந்த முறையின் அடிப்படை.

வார்ட்லி இதை விளக்க எடுத்துக்கொள்வது ஒரு டீக்கடை. வாடிக்கையாளருக்கு ஒரு கப் டீ வேண்டும். அதற்குக் கப், டீத்தூள், வெந்நீர். வெந்நீருக்குத் தண்ணீர், கெட்டில். கெட்டிலுக்கு மின்சாரம். அவருடைய படத்தில் கெட்டில் மட்டும் "தனக்கென்று செய்தது" என்ற இடத்தில் இருக்கும். பார்த்த உடனே யாரும் கேட்டுவிடுவார்கள்: கடையில் கெட்டில் கிடைக்கும்போது எதற்காகச் சொந்தமாகச் செய்கிறோம்? டீக்கடை நடத்தாதவர்கூடக் கேட்க முடியும். ஒரு துறையின் உள்விவரம் தெரியாதவரும் கேள்வி கேட்கும்படி படம் ஆக்கிவிடுகிறது. எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்.

கட்டிங் டேபிளில் மார்க்கர் பேப்பரை (துணி வெட்ட அளவு வரையும் நீளத் தாள்) திருப்பிப் போட்டு வரைய உட்கார்ந்தோம். மேலே பையர். அவருக்குக் கீழே, சொன்ன தேதியில் வந்து சேரும் டி-சர்ட். அதற்கும் கீழே தையல், துணி. துணிக்கு நிட்டிங், சாயம். நிட்டிங்குக்கு நூல். நூலை வலது ஓரத்தில் வைத்தோம். கவுண்ட்டை, அதாவது நூலின் பருமனைச் சொன்னால் போதும், எந்த மில்லிலும் வாங்கலாம். விலையை மில்கள் அறிவிக்கும், நாம் நிர்ணயிப்பதில்லை. நிட்டிங்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வேலை, அதுவும் வலப்பக்கம். சாம்பிள் செய்வது, ஷேட் பிடிப்பது எல்லாம் ஆளின் கைப்பழக்கம். அதனால் இடப்பக்கம்.

எங்கள் கெட்டில் உடனே கண்ணில் பட்டது. ஆர்டரைக் கண்காணிக்க ஒருவரிடம் பணம் கொடுத்துத் தனியாக எழுதி வாங்கிய மென்பொருள். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அதில் ஒரு புதுப் பத்தி (column) சேர்க்கக்கூட ஆளில்லாமல் திண்டாடியிருக்கிறோம். கடையில் வாங்கக்கூடியது எப்போதோ வந்துவிட்ட ஒன்றை, இன்னமும் "தனக்கென்று செய்தது" என்ற இடத்தில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

சாயத்தை எங்கே வைப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலை வைத்துக் கேட்டார்: "இதுல தண்ணி எங்க கண்ணு?"

சாயத்துக்குக் கீழே எதையும் வரையாமல் விட்டிருந்தோம். பில் வராத எதையும் நாம் வரைவதில்லை. கேன்வாஸிலும் தண்ணீர் இல்லை, நான் நடந்து பார்த்து வரைந்த படத்திலும் இல்லை. வார்ட்லி முறைதான் "இதற்கு என்ன தேவை?" என்று ஒவ்வொரு புள்ளியிலும் கேட்கச் சொல்கிறது. கேட்டோம். சாயத்துக்குத் தண்ணீர் தேவை. பருத்தியில் சாயம் ஏற நிறைய உப்பும் தேவை. அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வரும். கழிவுநீர் போக ஓர் இடம் தேவை. பல வருடங்கள் அந்த இடம் நொய்யல் ஆறாக இருந்தது. திருப்பூரின் ஒவ்வொரு பனியனுக்கும் கீழே, படத்தின் அடி ஓரத்தில், யாரும் காசு கொடுக்காத ஒரு புள்ளியாக நொய்யல் இருந்தது. உப்பும் சாயமும் நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கின. கீழே இருந்த விவசாயிகளின் நிலம் கெட்டது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் உயர் நீதிமன்றமும் 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக் கூடாது என்று சொல்லியும் நிலைமை சரியாகவில்லை. 2011 ஜனவரி 28-ல் சாய, பிளீச்சிங் ஆலைகளை மொத்தமாக மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களைத் திருப்பூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். துணிக்குச் சாயம் போட லாரி வெளியூருக்கு ஓடியது. தையல் மெஷின்கள் சும்மா நின்றன.

ஒரு படம் வரைந்திருந்தால் அந்தத் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கு ஊரறிய நடந்தது, தெரியாமல் யாரும் இல்லை. ஆனால் தன் கம்பெனி அந்த ஆற்றின் மேல் நிற்கிறது என்று ஒவ்வொரு முதலாளியும் தன் தாளில் பார்த்திருந்தால், விவசாயிகள் கேட்டது அவ்வளவு தாமதமாகக் காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு இந்தப் படத்தின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

சரி, முடிவுக்கு வருகிறேன். ஆற்றுப் புள்ளி இருந்த இடத்தில் இன்று சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது: சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுப்பது. பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. அனுப்பும் தண்ணீரின் அளவுக்குக் கட்டணம். சாயப்பட்டறை போடுவது என்றால் அந்தச் சங்கிலி முழுவதையும் தோளில் ஏற்றிக்கொள்வது என்று படத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. நாற்பது மெஷின் கம்பெனிக்கு அது இன்னொரு தொழில். மாறாக, ஷேட் பிடிப்பது மேலே, பையர் கண்ணுக்குப் பக்கத்தில், இடப்பக்கம் இருந்தது. அது நம் கையில் இருக்க வேண்டியது. சித்தப்பா பட்டறை யோசனையைக் கைவிட்டு, ஷேட்டை ஒரே மாதிரி வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு லைட் பாக்ஸும், லேப் டிப்புக்கென்று பொறுப்பான ஓர் ஆளும் வைத்தார். லேப் டிப் இப்போது வந்த அன்றே கிளம்புகிறது.

எப்படிக் கற்பது

என் யோசனை இது. கேன்வாஸை ஒரு மாலையில் முடித்துவிடுங்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு எதுவும் வேண்டாம். தாமதம்தான் தலைவலி என்றால் இரண்டு நாள் வேல்யூ ஸ்ட்ரீமுக்குக் கொடுங்கள். மிச்ச நேரத்தை எல்லாம் வார்ட்லி படத்துக்குக் கொடுங்கள். எதைச் சொந்தமாக வைப்பது, எதை வெளியே கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதுதான் சின்ன முதலாளிகளைத் தூங்கவிடாத கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இடத்துக்குப் பொருள் இருக்கும் படம்தான் வேண்டும்.

செலவு ஒரு பிரச்சினை இல்லை. வார்ட்லி தன் முறையை யாரும் பயன்படுத்தும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார். அவர் எழுதியதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் படங்களைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். பணம் கட்டிப் போகும் பயிலரங்குகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அங்கே வேறு யாருடைய தொழிலையோ வரைவோம், நம் தொழிலின் தண்ணீர் எங்கே என்று கேட்க அங்கே சித்தப்பா இருக்க மாட்டார். மென்பொருளிலும் ஆரம்பிக்க வேண்டாம். பென்சிலும் அழிப்பானும் இருந்தால் தப்பாக வைக்கப் பயம் இருக்காது.

முதல் படம் மோசமாகத்தான் வரும். நான் முதலில் போட்டதில் துறைகளின் பெயர்களை அடுக்கிவிட்டேன். தேவைகளை எழுத வேண்டிய இடம் அது. அடுத்ததில் கோடுகளை வேலை ஓடும் வரிசையில் இழுத்துவிட்டேன். இந்தப் படத்தில் கோடு என்றால் "இதற்கு இது தேவை" என்று மட்டும்தான் பொருள். பழைய பொருள் என்றால் வலப்பக்கம் என்று நினைப்பதும் நிறையப் பேர் செய்யும் தப்பு. ஷேட் பிடிக்கும் வேலை எத்தனையோ காலமாக இருக்கிறது, இன்னமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எவ்வளவு பேர் அதை ஒரே மாதிரி, ஆச்சரியமே இல்லாமல் செய்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். மூன்றாவது, நான்காவது படத்தில் கை பழகிவிடும்.

தனியாக மட்டும் வரையாதீர்கள். கட்டிங் மாஸ்டர், கணக்கு பார்க்கும் அக்கா, மெக்கானிக், மூன்று பேரையும் கூப்பிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பென்சில் கொடுங்கள், முதலாளி கடைசியில் பேசட்டும். சனிக்கிழமை சம்பள நாள், யாருக்கும் மனசு நிற்காது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, மெஷின் சத்தம் இல்லாத ஹாலில், பெரிய தாளை விரித்து உட்காருங்கள்.